மழைமானிக்கு ஒரு கூரை

அரசாங்கப் பொருள் எதுவும் வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாகக் கூடாது என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நல்ல சுற்றறிக்கைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஏரி அலுவலகத்தில் வெட்டவெளியில் கிடந்த பொருள்கள் மொத்தம் மூன்று: ஓர் உடைந்த நாற்காலி, ஓர் ஓட்டைப் படகு, ஒரு மழைமானி. மூன்றுக்கும் சேர்த்துத் தகரத்தில் கூரை போட்டுவிட்டார்கள்.

மழைமானி என்பது மழைத்தண்ணீரைப் பிடித்து, இன்றைக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டுகிற சாதனம். அதன் தலைக்கு மேல் கூரை போட்டால் அது எதைப் பிடிக்கும், காற்றையா? இதைக் கேட்க அந்த அலுவலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தார். ஏரி மதகைத் திறந்து மூடுகிற மதகுக்காரர்.

"மழைமானிக்குக் கூரை போடக் கூடாதுன்னு சுற்றறிக்கையில எங்கயாவது இருக்கா?" என்று பெரிய பொறியாளர் கேட்டார். இல்லை. பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் பகுதியில் மழை நின்றுபோயிற்று. வானத்தில் இல்லை, பதிவேட்டில். தினமும் காலையில் எழுத்தர் வருவார், குடையை உதறி மடக்குவார், மழைமானிக்குள் எட்டிப் பார்ப்பார், பூஜ்யம் என்று எழுதுவார். பாவம், அவர் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். மூன்று வருடம் இப்படியே போனது. கடைசியில், துருப்பிடிக்காத மழைமானி என்று அலுவலகத்துக்கு ஒரு கேடயம் வேறு கொடுத்துத் தொலைத்தார்கள்.

ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் பிழைக்கலாம் தெரியுமா? மழையே இல்லாத ஊரில் ஏரிக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று நிலப் பயன்பாட்டுப் பிரிவுக்கு ஞானம் பிறந்தது. ஏரியின் மேற்குப் பாதியை உலர் நிலம் என்று அறிவித்து, மனை பிரித்து விற்றார்கள். நீர்த்தரப் பிரிவு அதைவிடக் கெட்டி. சாயப்பட்டறைக் கழிவை ஏரிக்குள் அடித்துக்கொண்டு வருவது மழைத்தண்ணீர். மழை இல்லை, ஆகவே கழிவு வரவில்லை, ஆகவே ஏரித் தண்ணீர் சுத்தம். கரைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சுத்தமான தண்ணீரில் அலசிய என் வெள்ளைச் சட்டை ஊதாவாகிவிட்டது. சட்டையைத் தூக்கிக்கொண்டு புகார் சொல்லப் போனேன். "நல்லாத்தான் இருக்கு சார், இந்த வருஷம் இதுதான் ஃபேஷன்" என்று அனுப்பிவைத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையே போட்டுக்கொண்டு ரெண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தேன்.

மதகைத் திறப்பதற்கும் ஒரு விதி இருந்தது. ஒரே நாளில் நாற்பது மில்லிமீட்டர் மழை பதிவானால்தான் திறக்கலாம்.

உலர் நிலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் மதகுக்காரரின் அக்காவும் ஒருத்தி. வேண்டாம் என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டார். "அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்குடா. நீ என்ன அவங்களைவிடப் படிச்சுக் கிழிச்சிட்டியா?" என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். பக்கத்து மனையை வாங்கிய மேதாவி நான்.

நாலாவது வருடம் விடாமல் நாலு நாள் கொட்டித் தீர்த்தது. அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவள் புருஷனுக்குப் பக்கவாதம், மனுஷன் படுத்த படுக்கை. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தோம். இன்னும் ஒரு சாண் ஏறினால் கட்டில் முழுகிவிடும். தெருவில் இழுப்பு அதிகம், ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. அலுவலகப் படகோ கூரைக்கு அடியில், ஓட்டையோடு, மிகவும் பத்திரமாக இருந்தது.

மதகுக்காரர் அலுவலகத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, உடனே மதகைத் திறக்கணும். எங்க மாமா எழுந்திரிக்க முடியாம கிடக்கார். தண்ணி கட்டிலைத் தொடப்போகுது."

பெரிய பொறியாளர் நிதானமாகப் பதிவேட்டைப் புரட்டினார். "நேத்து பூஜ்யம். முந்தாநேத்து பூஜ்யம். அப்புறம் தண்ணி எங்கிருந்துய்யா வந்துச்சு?"

"என்னைப் பாருங்கய்யா, தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன்."

"அது உன்னோட தனிப்பட்ட நனைதல்."

"உங்க குடையும் சொட்டுதே!"

"குடை அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லைய்யா."

"அப்போ அந்தக் கூரையையாவது பிரிங்க. மத்தியானத்துக்குள்ள நாற்பது ஏறிடும்."

"பழுதான கூரையைத்தான் பிரிக்கலாம். பழுதா இல்லையான்னு மழைக்காலத்துலதான் ஆய்வு பண்ண முடியும்." எழுத்தர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, மழைக்காலம் ஆரம்பிச்சிருச்சா?"

எழுத்தர் பதிவேட்டைப் பார்த்தார். "இன்னும் இல்லீங்கய்யா."

அப்போது மேலேயிருந்து ஒரு சொட்டு மேசைக் கோப்பில் விழுந்தது. பொறியாளர் கோப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

மதகுக்காரர் நேரே மதகுக்குப் போய்ச் சக்கரத்தைப் பிடித்தார். இறுகிக் கிடந்தது. நானும் ஒரு கை கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வாய்க்கால் வழியாக வடிந்துவிட்டது. மாமாவின் போர்வை நுனிகூட நனையவில்லை. அக்கா தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா என் தாலி... என் ராசா" என்று கதறினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மதகுக்காரருக்கு ஓலை வந்தது. வறட்சிப் பகுதியில், மழையற்ற காலத்தில், பொதுமக்களுக்குச் சொந்தமான அரிய நீரை முன் அனுமதியின்றி வெளியேற்றி வீணடித்த குற்றம். நிரூபணமானால் வேலை போய்விடும். சாட்சிகள், எங்கள் தெருக்காரர்கள். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு மழை பெய்ததா, இல்லையா?

இதற்கெல்லாம் ஒரு விசாரணையா என்று சிரித்துக்கொண்டிருந்தோம். விசாரணைக்கு முந்தின நாள் நிலப் பயன்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, வீட்டுக்கு வீடு காப்பி குடித்துவிட்டு, மிகுந்த பரிவோடு விளக்கினார். "மழை பெஞ்சுதுன்னு சாட்சி பதிவாச்சுன்னா இது உலர் நிலம் இல்லீங்க, ஏரி. ஏரிக்குள்ள கட்டின வீட்டை இடிச்சுத்தான் ஆகணும். உங்க இஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்தோம். தெருவே அன்றைக்குத் தூங்காமல் யோசித்தது.

முதல் சாட்சி அக்கா. தம்பி பக்கமே திரும்பாமல் நின்றாள்.

"அன்னிக்கு மழை பெஞ்சுதாம்மா?"

"ஒரு சொட்டுகூட இல்லீங்க."

"வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சாமே?"

"வீடு கழுவி விட்டோம்."

"அக்கா..." என்றார் மதகுக்காரர். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எவ்வளவு கேவலமான பொம்பளை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட தம்பியாயிற்றே!

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மதகுக்காரர் நிம்மதியாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கூடச் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றியவன் அல்லவா நான்.

"அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"இல்லீங்க" என்றேன்.

விசாரணை அதிகாரி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. வெளியே அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.