சீசாவில் இருந்த தூக்கம்

கை பட்டுச் சீசா கவிழ்ந்தபோது மடிப்புக்காரன் பாதித் தூக்கத்தில் இருந்தான். மீதிப் பாதியும் அந்தச் சத்தத்தில் கலைந்துபோனது.

சீசா உடையவில்லை. மூடிதான் எங்கோ உருண்டு ஓடியது. உள்ளே இருந்த மருந்து அலமாரிப் பலகையில் பரவி, விளிம்பில் வந்து கொஞ்சம் தயங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கியது. மாமனாரின் தூக்கம் அப்படி வழிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மாமனாரின் தூக்கம் போனால் அவன் தூக்கமும் போச்சு. அவன் தூக்கம் போனால் வேலையும் போச்சு.

அவனுக்கு ராத்திரி வேலை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சலவை ஆலை. விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் துவைத்து உலர்ந்து, இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும். பிடித்து மடிக்க வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் அவன் மடிப்புக்காரன். ஊரே படுத்துத் தூங்குகிற விரிப்பு வெதுவெதுவென்று அவன் கையில் வந்து விழும். கன்னத்தை ஒரு நிமிஷம் வைத்தால் என்ன என்று தோன்றும். போன மாதம் வைத்தும்விட்டான். மேஸ்திரி அவனை விரிப்புக் குவியலுக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, “இன்னொரு தடவை என் துணிக்குள்ள குறட்டை கேட்டுதுன்னா, நீ உன் வீட்டுப் பாயையே மடிச்சுக்கிட்டு இரு” என்றார்.

வீட்டுப் பாயில்தான் தூங்க முடியவில்லையே!

பக்கத்து அறையில் மாமனார். வேலைக்காலம் முழுக்க ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்ன மனிதர். ஓய்வு பெற்றதும் ஒலிபெருக்கியை அங்கேயே விட்டுவிட்டு, குரலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“கவனிக்கவும். பால்காரர் இன்று தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்.”

“அடுப்பில் உள்ள பால் இன்னும் சற்று நேரத்தில் பொங்கும். சம்பந்தப்பட்டவர்கள் உடனே அணுகவும்.”

ஆள் இல்லையென்றால் சுவருக்கு அறிவிப்பார். ராத்திரியும் தூங்க மாட்டார், பகலிலும் தூங்க மாட்டார். மகள் கேட்டால், “தூக்கம் எனக்கு ஒத்துக்காதும்மா” என்பார், ஏதோ கத்தரிக்காய் ஒத்துக்காது என்பதுபோல.

மாமனாரிடம் போய் வாயை மூடுங்கள் என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? மடிப்புக்காரன் சொல்லவில்லை. ஒருநாள் காலை அவர் ரயில்கள் தடம் மாறிய பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, அவன் டீக் கோப்பையோடு நின்றபடியே தூங்கிவிட்டான். டீ காலில் கொட்டியது. அதற்கும் விழிக்கவில்லை.

“எங்கப்பா கதைய நடுவுல நிறுத்திட்டு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாருங்க” என்று மனைவி பிறகு ஆச்சரியமாகச் சொன்னாள். “அவர் நிறுத்தி நான் பாத்ததே இல்ல.”

அன்று சாயங்காலமே மாமனார் தானாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய், தூக்கத்துக்கென்று மருந்து வாங்கி வந்தார். கீழ்வீட்டில் ஹோமியோபதி டாக்டர். தெருவில் அவருக்குச் சொட்டு டாக்டர் என்று பெயர்.

மறுநாளிலிருந்து அதிசயம். மடிப்புக்காரன் வேலை முடிந்து வருவான். மனைவி அப்பாவின் நாக்கில் சொட்டு விடுவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் வீடு குளத்தடி போல அமைதியாகிவிடும். ஜன்னல் திரை மெல்ல உப்பி மெல்ல இறங்கும். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே அவன் வெள்ளை விரிப்புகளின்மேல் மிதந்து போவான். யாரோ அவனையே நான்காக மடித்து அலமாரியில் பத்திரமாக வைப்பார்கள். அவன் எழுந்து முகம் கழுவிய பிறகுதான், சொல்லிவைத்த மாதிரி, மாமனாரும் எழுந்து, “கவனிக்கவும்” என்பார்.

பெருமையில் சொட்டு டாக்டருக்கு நடையே மாறிவிட்டது. மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறவர். அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் மாடிப்படியில் டாக்டரோடு மல்லுக்கட்டுவார்.

“டாக்டர், உங்க மருந்துல மருந்து எங்க இருக்கு? கரைச்சுக் கரைச்சுக் கடைசியில தண்ணிதானே மிச்சம்?”

“உங்கப்பா தூங்கறாரா இல்லையா? அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

“நான் குடையை விரிச்சேன், மழை வந்துது. குடைதான் மழையைக் கூப்பிட்டுதுன்னு சொல்லுவீங்களா? ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணி. யாருக்கு எதுன்னு குடுக்கறவனுக்கும் தெரியக்கூடாது, குடிக்கறவனுக்கும் தெரியக்கூடாது. அப்புறம் பாக்கணும், எத்தனை பேர் தேறினாங்கன்னு. அதுதான் ஆதாரம்.”

“ஒவ்வொரு மனுஷனும் ஒரு தினுசு. அடுக்கி வச்சு எண்ண அவங்க என்ன செங்கல்லா?”

மடிப்புக்காரன் இந்தச் சண்டையில் தலையிடுவதில்லை. அவனைப் பொறுத்தவரை சீசாவுக்குள் இருந்தது மருந்தோ தண்ணீரோ, அது அவன் தூக்கம்.

அந்தச் சீசாதான் இப்போது காலி. மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். குழாயைத் திறந்து பழைய அளவுக்குத் தண்ணீர் பிடித்தான். குற்றம் செய்த கை சும்மா இருக்குமா? மூடியைத் தேடிப் போட்டு, ஒன்றாகக் கலக்கட்டும் என்று நன்றாகக் குலுக்கி வைத்தான்.

மனைவி வந்தாள், சொட்டு விட்டாள். மாமனார் திரும்பிப் படுத்தார். மடிப்புக்காரனும் படுத்தான். கண் மூடவில்லை. வெறும் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும்? எந்த நிமிஷம் “கவனிக்கவும்” வரும்? காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். வரவில்லை. எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தான். தூங்குகிறார். திரும்ப வந்து புரண்டான். மறுபடி போய்ப் பார்த்தான். தூங்குகிறார். ஒவ்வொரு தடவையும் தரைப்பலகை கிறீச்சிட்டது. ஒவ்வொரு தடவையும் மாமனார் இன்னும் ஆழமாகத் தூங்குவதுபோல இருந்தது.

வெயில் சாய்ந்தது. வழக்கமாக எழுந்திருக்கும் நேரம் கடந்துவிட்டது. மாமனார் அசையவில்லை.

“என்னங்க, அப்பா இன்னும் எழுந்திருக்கலையே?” என்றாள் மனைவி.

அவன் படியிறங்கி ஓடினான்.

“டாக்டர், சும்மா ஒரு சந்தேகம். உங்க மருந்துல யாராவது தண்ணிய ஊத்திட்டா, வீரியம் குறைஞ்சுடும்தானே?”

சொட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அங்கதான் உலகமே தப்பா நினைக்குது. தண்ணி சேத்துக் குலுக்கக் குலுக்க வீரியம் ஏறும்.”

“ஏறுமா?”

“சாதாரணமாவா ஏறும்?”

“கொஞ்சம் கொட்டிட்டு இன்னும் தண்ணி ஊத்தினா?”

“இன்னும் ஏறும்.”

“குறைக்க வழியே இல்லையா டாக்டர்?”

“நல்லா கடுங்காப்பி குடிச்சா மருந்து முறிஞ்சுடும். எதுக்குக் கேக்கறீங்க?”

“பொது அறிவுக்கு” என்றுவிட்டு மேலே ஓடினான்.

சீசாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிய பிறகுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. ஐயோ, இதுவும் தண்ணீர் சேர்ப்பதுதானே! சாக்கடையில் விழுந்து குலுங்கும், வீரியம் ஏறும். ஆற்றில் கலக்கும், இன்னும் ஏறும். ஆறு மெல்லக் கொட்டாவி விடும். பாலத்தின் மேல் போகிற பேருந்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகச் சாயும். கடலில் மீன்கள் கண்ணைத் திறந்தபடியே உறங்கும். அலை பாதி எழுந்து, அப்படியே தலையணையில் விழும். அவன் மேஸ்திரிகூட விரிப்புக் குவியலில் குழந்தை மாதிரி... நினைக்க நினைக்க மடிப்புக்காரனுக்கே சொக்கியது. தொட்டி விளிம்பில் நெற்றி இடித்தது.

“மருந்தை ஏன் கொட்டறீங்க?”

பின்னால் மனைவி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“அடப்பாவி மனுஷா!” என்று அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் கடுங்காப்பி போட்டான்.

மாமனாரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினான். கண் திறக்காமலே மடக் மடக்கென்று குடித்தார். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

“சர்க்கரை... குறைவாக... உள்ளது.”

“தூக்கத்துலயும் அறிவிப்பு” என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூச்சு ஒரே சீராக வந்தது. காப்பியாலும் முறியவில்லை! மடிப்புக்காரன் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆலைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இன்றைக்குத் துணியில் விழப்போவது நிச்சயம். அதைவிட, ஒரு மனிதரை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட்டோமோ என்ற பயம்.

மச்சான் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். மனைவி போட்ட கூச்சலில் சொட்டு டாக்டரும் மேலே ஏறி வந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

“என்ன மாப்பிள்ளை பண்ணினீங்க?” என்றார் மச்சான்.

“கை பட்டுக் கொட்டிடுச்சு மச்சான். குழாய்த் தண்ணிய ஊத்தி வச்சுட்டேன்.”

மச்சான் சீசாவின் அடியில் ஒட்டியிருந்த துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது. “எங்க தண்ணிதான்! குளோரின் வாசனைகூட மாறல. கேட்டீங்களா டாக்டர்? அப்பாவுக்கும் தெரியாது, குடுத்த தங்கச்சிக்கும் தெரியாது. வெறும் தண்ணியிலயே இப்படித் தூங்கறார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

“வெறும் தண்ணியா?” டாக்டர் துள்ளினார். “சீசாவோட சுவத்துல ஒட்டியிருந்தது போதுமே! தண்ணிய ஊத்தினீங்களா தம்பி? குலுக்கினீங்களா?”

“நல்லா குலுக்கினேன் டாக்டர்.”

“பாத்தீங்களா! வழக்கமா சாயங்காலம் எழுந்திருக்கறவர் இன்னைக்கு எழுந்திருக்கல. வீரியம் ஏறியிருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

“ஒரே ஆளை வச்சு ஆதாரமா?”

“நீங்க மட்டும் எத்தனை ஆளை வச்சீங்க?”

“ஐயா, எங்கப்பாவ யாராவது எழுப்புங்களேன்!” என்றாள் மனைவி.

“இரும்மா. தூக்கத்தைக் கலைச்சா ஆதாரம் போயிடும்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பிறகு சத்தம் வலுத்தது. ‘நம்பிக்கை’ என்றார் ஒருவர். ‘அனுபவம்’ என்றார் இன்னொருவர். ‘ஆராய்ச்சி’, ‘அகம்பாவம்’, ‘தண்ணி’, ‘தண்ணிதானா?’ சொற்கள் கட்டிலுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தன. மடிப்புக்காரனுக்கு அது உருளைகள் சுற்றுவது போலக் கேட்டது. ஒரு சொல் சுடச்சுட வெளியே வரும், அவன் பிடித்து மடித்து வைப்பான், அடுத்தது வரும். ஜன்னல் திரை மெல்ல உப்பியது. நாற்காலி எங்கோ மிதந்து போயிற்று. தலை மெதுவாக இறங்கி மாமனாரின் போர்வை நுனியில் படிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தப் பாதித் தூக்கத்தில், வெகு தூரத்து ரயில் நிலையத்திலிருந்து வருவதுபோல, ஒலிபெருக்கி இல்லாத ஒரு கிசுகிசுப்பு அவன் காதில் விழுந்தது. ஒரு கை அவன் தலைக்குக் கீழே போர்வையைச் சரிசெய்தது.

“கவனிக்கவும். ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க, மாப்பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கார். எனக்கு எங்கய்யா தூக்கம்? கண்ணைத் திறந்தா வாயும் திறந்துக்குதேன்னுதான், தினமும் அவர் தூங்கி எழுந்திருக்கற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கேன்!”