செவிலிமேட்டில் ஒரு மத்தியதரைத் தோட்டம்

செவிலிமேட்டில் எங்கள் குடியிருப்பின் மூலையில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலி மனை ஒன்று உண்டு. பொங்கலுக்குள் அங்கே பூங்கா வராவிட்டால் குப்பை உரக்கூடம் வரும் என்று பசுமை மேம்பாட்டு அலுவலகம் அன்புடன் தெரிவித்தது. மனைக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. ஆகவே பொதுநலம் கருதி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பை ஏற்றேன்.

தலைவர் உமாபதி பட்டுக்கடைக்காரர். மகளைப் பார்க்க இத்தாலி போய் வந்தவர்.

"அங்கயும் இதே வெயில்தான்பா. ஆனா தோட்டம் எப்படி இருக்குது பாரு!" என்று போனில் படம் காட்டினார்.

வெயில் ஒன்றென்றால் செடியும் ஒன்றாக இருக்கலாம் என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒரு காபி நேரம் பிடித்தது.

காஞ்சிபுரத்தில் எதையும் தேர்ந்தெடுக்க ஒரே முறைதான் உண்டு. நடுவில் சாம்பல் பச்சையில் ஆலிவ் மரங்கள்: அது உடல். ஓரமெங்கும் ஊதா லாவெண்டர்: கரை. வாசலில் காற்றுக்கு ஆடும் வெள்ளிப் புல்: முந்தானை. முகூர்த்தப் புடவை எடுப்பதுபோல் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். "கரை இன்னும் கொஞ்சம் அழுத்தமா வரலாம்" என்றேன். மழை வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. புடவைக்கும் அதைக் கேட்பதில்லை.

மனையில் ஏற்கெனவே நொச்சி மண்டிக் கிடந்தது. தலைவலிக்கு ஆவி பிடிக்க என் மனைவி காந்தா இலை பறிப்பது அங்கேதான்.

"அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்குது. அதை ஏன் வெட்டுறீங்க?"

"அது நொச்சிம்மா."

"தெரியுது. அதான் கேக்கறேன்."

"நொச்சியை வச்சிக்கினு பூங்கான்னு சொன்னா எவன் நம்புவான்?"

வெட்டினோம். புதுச் செடிகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்தோம்.

ஐப்பசி மழை வந்தது. லாவெண்டர் அழுகியது. ஆலிவ் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. வெள்ளிப் புல்லுக்கு ஆடுகள் பேராதரவு நல்கின. வேரை விட்டுவிட்டு வெட்டிய நொச்சி மட்டும் யாருடைய அனுமதியுமின்றித் துளிர்த்து, மார்கழியில் ஓரமெங்கும் ஊதாவாகப் பூத்தது. பெயர்ப்பலகைகளுக்குச் சேதமில்லை.

ஆய்வு அலுவலர் பிரவீனா வந்தார். பலகையைப் படித்தார். பூவைப் பார்த்தார்.

"சார், இதுதான் லாவெண்டரா?"

உமாபதி என்னைப் பார்த்தார். நான் உரக்கூடத்தை நினைத்தேன்.

"பலகையிலேயே போட்டிருக்குது மேடம்."

இலையைக் கசக்கி முகர்ந்தார். "ஃபாரின் ஃபாரின்தான் சார்! நம்ம ஊர் நொச்சியும் இதே ஜாடைதான். ஆனா இந்த வாசனை வருமா?"

"கிட்டக்கூட வராது மேடம்."

பின்னால் காந்தாவுக்கு இருமல் வந்தது.

பொங்கலுக்கு முன்பே ஆணை வந்துவிட்டது. எங்களுடையது முன்மாதிரி மத்தியதரைப் பூங்கா, உரக்கூடம் கைவிடப்பட்டது. லட்டு கொடுத்தோம். லட்டு தீர்ந்தபிறகுதான் இரண்டாம் பத்தியைப் படித்தோம்: 'மேற்படி அயல்நாட்டுச் செடிகளுக்கு இடையூறாக நொச்சி முதலிய நாட்டுப் புதர்கள் காணப்படின், அவற்றை வேரோடு அகற்றிச் சான்றளிக்க வேண்டியது. தவறினால் உரக்கூடம்.'

"என்னப்பா பண்றது?" என்றார் உமாபதி.

"நம்மகிட்ட நொச்சி ஏது?" என்றேன்.

பூங்காவில் நொச்சி அறவே இல்லை என்று செயலாளர் என்ற முறையில் சான்றளித்துக் கையெழுத்திட்டேன்.

செய்தி பரவியது. தாமலிலிருந்தும் தென்னேரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊர் நொச்சியை வேரோடு பிடுங்கிவிட்டார்களாம். லாவெண்டர் நடக் கிளை வேண்டுமாம். நாள் முழுக்க வெயிலில் நின்று வெட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் மண்டை பிளந்தது.

"காந்தா, ஆவி பிடிக்கணும். கொஞ்சம் நொச்சி போட்டுக் கொதிக்க வையேன்."

"நொச்சிக்கு எங்கே போறது? நீங்கதானே அறவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க? லாவெண்டர்தான் இருக்குது. போடட்டா?"

"சரி, அதையே போடு" என்று போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டேன்.