கப்பு டாக்டரும் ஆறிப்போன டீயும்

விருத்தாசலத்தில் மனுசங்களுக்கு நாடி பார்க்கிற டாக்டர்கள் எத்தனையோ பேர் உண்டு. டாக்டர்களுக்கே நாடி பார்த்தவர் ஒருத்தர்தான். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கப்பு டாக்டர் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் யாரும் வழி காட்டுவார்கள். அந்தக் கப்புகளைச் செய்தவன் நான்தான் என்றும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். தலையில் களிமண் சுமந்து, பிறகு சொந்தச் சூளை போட்டவன். ஃப்யூஸ் கட்டை, பொம்மை, கோப்பை எதுவானாலும் என் கையில் உருளாமல் இந்த ஊரைத் தாண்டியதில்லை. படிப்புதான் கம்மி, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்டே பார்த்துவிட்டு யார் எழுதியது என்று விசாரித்திருக்கிறார்.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருசம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில், பின்னால் கப்பு டாக்டர் ஆன அந்தக் குழந்தை டாக்டர் ஸ்கூட்டரில் என் பட்டறைக்கு வந்தார். ஊர் டாக்டர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எப்படி ஆனார் என்றால், தேர்தல் நடந்த கூட்டத்துக்கு அவர் போகவில்லை. வராதவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

"மொதலாளி, கப்பு வேணும்" என்றார். என்னை அவர் மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். நானும் மறுத்ததில்லை.

கதையைக் கேட்டேன். சங்கத்தில் பதினாறு பேர். போன தடவை வேப்பூரில் இலவச மருத்துவ முகாம் போட்டபோது வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தர் போட்டோ எடுத்ததும் கிளம்பிவிட்டார். சங்கத் தலைவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்காரர். அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அடுத்த முகாம் கம்மாபுரத்தில். அதுவும் இந்த லட்சணத்தில் நடந்தால் இங்கே சங்கத்தை மூடிவிட்டுக் கடலூர்க் கிளையோடு சேர்த்துவிடலாம்.

"மூடுனா மூடட்டுமே டாக்டர். உங்களுக்கு வேலை மிச்சம்" என்றேன்.

"கடலூர்லேந்து கம்மாபுரத்துக்கு யாரு வருவாங்க மொதலாளி? நெலத்த சுரங்கத்துக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கிற சனம். மூச்சு வாங்குதுன்னாகூட பஸ்ஸு புடிச்சி இங்க வரணும்."

சரி, அதற்கும் கப்புக்கும் என்ன சம்பந்தம்? மனுசன் போன கூட்டத்தில் வேண்டுமென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முன்வரிசை சோபாவுக்குச் சாசரோடு பீங்கான் கப்பு வருகிறது. பின்வரிசைக்குப் பேப்பர் கப்பு. கதவோரம் ஒரு தோல் டாக்டரம்மா நாலு வருசமாக வந்து போகிறார், சங்கத்து நோட்டில் அவர் பெயர் 'மேடம்'. இவர்களை முகாமுக்கு மட்டும் வா என்றால் எப்படி வருவார்கள் என்று கேட்டார்.

எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, பெயர் மட்டும். டாக்டர் என்றும் போடக்கூடாது, பட்டமும் போடக்கூடாது. பட்டியலை நீட்டினார். பதினேழு பெயர் இருந்தது. கடைசியில் முருகேசன். நம் பெயரிலும் ஒரு டாக்டர் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெயரைக் கொஞ்சம் கூடுதல் அழகாகவே எழுதினேன்.

மண் சூளையில் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த மழையில் மண் போதாமல், ஒரே ஒரு கப்பை வேறு லோடு மண்ணில் செய்யும்படி ஆனது. அது சுருங்கி, பிள்ளைகள் விளையாடுகிற சொப்பு மாதிரி வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தால் பெரிய டாக்டர் பெயர். வேறு செய்து தருகிறேன் என்று காலில் விழாத குறை. கப்பு டாக்டர் சொப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுதான் எனக்கு வேணும்" என்று பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்குக் கப்புகளை நானே கொண்டுபோனேன். சோபாவைக் காணோம். நாற்காலிகள் வட்டமாக இருந்தன. பெரிய டாக்டர் தன் கப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எனக்கா, எம் பேத்திக்கா?"

"ரெண்டு வாய்தான் சார் புடிக்கும். தீந்தா எழுந்து போயி ஊத்திக்குங்க" என்றார் கப்பு டாக்டர்.

ஃபிளாஸ்க் இருந்த இடம் கதவோரம், தோல் டாக்டரம்மா பக்கத்தில். பெரிய டாக்டர் டீ இல்லாமல் கூட்டம் நடத்தமாட்டார். நாலாவது நடையில் அந்தம்மா பெயரைக் கேட்டார். நஸ்ரீன். அஞ்சாவது நடையில், ஏன் முகாமுக்கு வருவதில்லை என்று கேட்டார்.

"யாரும் கூப்பிட்டதில்லீங்க சார்" என்றார் அந்தம்மா. "கூட்டமும் சாயங்காலத்துலயே வெக்கிறீங்க. அவரு துபாய்ல இருக்காரு. கைக்குழந்தைய ஒவ்வொரு தடவையும் யாருகிட்ட வுட்டுட்டு வர்றது?"

பெரிய டாக்டர் ஆறாவது டீயை மறந்துவிட்டு நின்றார். அன்றிலிருந்து கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளைகளோடு.

அப்படியும் வராதவர்களுக்குக் கப்பு டாக்டர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். வராதவர் கப்பில் டீயை ஊற்றி, தட்டு போட்டு மூடி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். எலும்பு டாக்டர் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்து, "உங்க டீ ஆறிப்போச்சு சார்" என்று மேஜையில் வைத்தாராம். வெளியே ஒரு பெருசு, "டாக்டருக்கு டீயே தேடிக்கிட்டு வருது, நாமதான் டோக்கன் போட்டு உக்காந்திருக்கோம்" என்றதாம். மூன்றாவது தடவை எலும்பு டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் கப்பு டாக்டர் கேட்டார், முகாமில் உங்களுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று. மனுசனுக்குச் சின்ன வயதிலிருந்து மைக்கில் பேச ஆசையாம். இத்தனை வருசத்தில் யாரும் கேட்டதில்லை.

கம்மாபுரம் பள்ளிக்கூடத்தில் முகாம். ரெண்டு வேப்பமரத்துக்கு நடுவே கம்பி கட்டி, கொக்கியில் பதினேழு கப்பும் தொங்கின. வந்தவர் தன் கப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு டாக்டர் மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. நஸ்ரீனம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தினார். பத்து மணிக்குக் கம்பியில் ரெண்டே கப்பு. ஒன்று சொப்பு.

கப்பு டாக்டர் முகம் வாடிவிட்டது. மூடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவரே வரவில்லை. சொப்பில் டீயை ஊற்றிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். நஸ்ரீனம்மா ஓடிவந்து வழியை மறித்தார். "நீங்க இருங்க சார், நான் போறேன்." நான்தான் போவேன் என்று எலும்பு டாக்டர் மைக்கிலேயே அறிவித்தார். இவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றது.

"முகாமுக்கு மருந்து ஏத்திக்கிட்டு வரவே நேரமாயிட்டுது" என்று பெரிய டாக்டர் இறங்கினார். டிக்கி நிறைய மருந்து. "எனக்கு என்ன வேலை?"

"டீ ஊத்துங்க சார்."

ஊற்றினார். சங்கத்தை மூடுகிற பேச்சு அந்த டீயோடு ஆவியாகப் போய்விட்டது.

கம்பியில் ஒரு கப்பு மிச்சம். நான் கப்புகளை ஏற்றிவந்த வேனோரம் நின்று, அந்த முருகேசன் டாக்டர் மட்டும் இப்படிச் செய்துவிட்டாரே, நம் பெயரைக் கெடுத்துவிட்டாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கப்பு டாக்டர் அதை எடுத்து, டீ வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"உங்க டீ ஆறிப்போச்சு முருகேசன்."

இப்போது கப்பு டாக்டர் தன் மகள் இருக்கிற ஊருக்கே போய்விட்டார். நான் தினமும் டீயை அந்தக் கப்பில் ஊற்றி வைத்துவிட்டு, ஆறட்டும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சூடாகக் குடித்தால் அவர் வருவதற்கு ஒரு காரணம் இல்லாமல் போய்விடும்.