நூலகர் விடுத்த மிரட்டல்

"அனுப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி.

"அனுப்பியாச்சு. நாளைக்குக் காலையில கம்பெனி வழிக்கு வந்துடும் பாரு" என்றார் நூலகர்.

விஷயம் இதுதான். நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று. ஒரு கம்பெனி சம்பளத்துக்கு ஆள் போட்டு அதை வளர்த்தது. நம் நூலகரைப் போன்றவர்கள் விடுமுறை நாளெல்லாம் காசு வாங்காமல் உட்கார்ந்து அதன் ஓட்டைகளை அடைத்தார்கள். அதன் நிரல், யாரும் எடுத்துத் திருத்தும்படி எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தே கிடந்தது. திடீரென்று கம்பெனி, அடுத்த பதிப்பிலிருந்து அதைப் பூட்டப்போவதாக அறிவித்துவிட்டது. மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூட்டினால் ஃபோர்க் செய்துவிடுவோம்" என்று அந்த மென்பொருளுக்கான இணையக் குழுவில் எழுதிவிட்டார்.

"ஃபோர்க்னா?"

"இப்ப இருக்கிறதை அப்படியே நகல் எடுத்து, வேற பேர்ல நாமே நடத்துறது. யாரும் தடுக்க முடியாது."

"தனிக்குடித்தனம்னு சொல்லுங்க. அங்கே பாத்திரம் தேய்க்கிறது யாரு?"

"நாம எங்க போகப் போறோம்? சும்மா ஒரு மிரட்டல்."

"மிரட்டலோட நிறுத்திக்குங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து நீச்சல் கத்துக்கறோம். அதுல கை வச்சீங்க, நடக்கிறதே வேற."

நூலகருக்கும் நீச்சல் பிடித்துத்தான் இருந்தது. இன்னும் மிதக்க வரவில்லை. அவர் தத்தளிக்கும்போது மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள், அதற்காகவே போவார்.

மறுநாள் கம்பெனி மூச்சு விடவில்லை. குழுவில்தான் கூட்டம் அலைமோதியது. "தலைவரே, எப்பக் கிளம்பறோம்?" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வேலை என்று சொன்னால் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்து, "பேர் என்ன? சர்வர் யார் தருவது? தினமும் யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டு எழுதினார்.

ஒருவரும் கலையவில்லை. மதியத்துக்குள் சர்வர் வந்துவிட்டது. பெயர் 'அணில்' என்று முடிவாகி, சின்னமாகப் போடும் படத்தில் அணிலின் வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று சாயங்காலம் வரை அடித்துக்கொண்டார்கள். தினமும் யார் பார்த்துக்கொள்வது என்பதில் மட்டும் சண்டையே இல்லை. "நீங்கதான்" என்றார்கள் ஏகமனதாக.

"வசமா மாட்டிக்கிட்டீங்க" என்றாள் மனைவி.

"கம்பெனிகூட ராசியாப் போயிடறேன், விடு" என்று மேலாளருக்கே எழுதினார்: "நீங்கள் கொஞ்சம் இறங்கி வந்தால் நானும் விட்டுவிடுகிறேன்."

உடனே பதில் வந்தது. "உங்கள் முடிவை மதிக்கிறோம். வாழ்த்துகள். எங்களிடம் உள்ள நூலகங்களை உங்கள் பக்கம் மாற்றித்தர ஆள் அனுப்பட்டுமா?"

"திமிரைப் பார்த்தியா?"

"நேர்ல போய்ப் பேசுங்க. நானும் வர்றேன். உங்களைத் தனியா அனுப்பினா இன்னொரு வேலையை இழுத்துட்டு வருவீங்க."

கம்பெனியில் மனைவி வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நூலகர் உள்ளே போனார்.

"நான் வாபஸ் வாங்கிக்கறேன் சார். நீங்க பூட்டாம இருந்தாப் போதும்" என்றார்.

மேலாளர் முகம் வெளுத்துவிட்டது. "அவசரப்படாதீங்க சார். எத்தனை பேர் உங்களை நம்பியிருக்காங்க. மனசுல பட்டதைச் சொல்றேன், இதைக் கட்டிக் காப்பாத்த உங்களை விட்டா ஆளே கிடையாது."

எட்டு வருட உழைப்பில் ஒருவர்கூட நூலகரிடம் இப்படிச் சொன்னதில்லை. எழுந்து மேலாளரின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

வெளியே வந்தவரைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"நடத்தறேன்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"எதிராளியே சொல்றான்டி, என்னை விட்டா ஆள் கிடையாதுன்னு."

அவள் கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சரி, நடத்துங்க. நீச்சலுக்கு நான் மட்டும் போய்க்கறேன்" என்றாள். அவருக்கு ஒரு பக்கம் வருத்தம்தான். இருந்தாலும் கம்பெனியையே பணிய வைத்துவிட்ட நிறைவோடு நெஞ்சை நிமிர்த்தி வாசல் பக்கம் திரும்பினார்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றி சார். ரெண்டு வருஷமா இதை யார் தலையிலயாவது கட்டலாம்னு அலைஞ்சோம், ஒருத்தரும் சிக்கலை. 'பூட்டப் போறோம்னு சொல்லிப் பாருங்க, யாராவது ரோஷப்பட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாங்க'ன்னு மேனேஜருக்கு நான்தான் யோசனை சொன்னேன்."