பெர்த்தாவின் வால்

கோல்பி இரண்டு கைகளாலும் டைனோசரின் வாலைப் பிடித்துக்கொண்டு தவித்தான். வால் அவனிடம் இருந்தது. டைனோசரிடம் இல்லை.

"ஒட்டிக்கோ பெர்த்தா, ப்ளீஸ் ஒட்டிக்கோ!"

பெர்த்தா ஒரு சிமென்ட் டைனோசர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சிவப்புப் பாறைகளுக்கு நடுவே, நெடுஞ்சாலையோரம், பச்சைப் பெயின்ட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. டிக்கெட் ஜன்னலில் ஓப்பல் அம்மாள் குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கியிருந்தாள்.

"டார்லாவைக் கட்டிக்கணுமா? என்னோட ஒருநாள் ஊர் சுத்து. சாயங்காலம் முடிவு சொல்றேன்" என்றிருந்தார் டார்லாவின் அப்பா வெர்லன். முதல் நிறுத்தமே இங்கேதான்.

வண்டியை விட்டு இறங்கியதுமே வெர்லன் சொன்னார்: "வால்ல உக்காரு தம்பி. எல்லாரும் அங்கதான் போட்டோ எடுப்பாங்க. இரு, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

உட்கார்ந்தான். மளுக்!

வாயிலிருந்த சூயிங்கத்தைத் துப்பி, செம்மண்ணோடு பிசைந்து ஒட்டினான். ஒரு தும்மல் நேரம் நின்றது. விழுந்தது.

பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம். கோல்பி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, பிக்கப் வண்டியின் பின்புறம் போட்டு, தார்ப்பாயால் மூடிவிட்டுத் திரும்ப ஓடி வந்தான்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"காத்து நல்லா இருக்கு சார். நிறைய வாங்கிக்கறேன். போட்டோவை மூஞ்சிப் பக்கம் எடுங்க. மூஞ்சிதான் அழகு."

"யாரு மூஞ்சி?"

"பெர்த்தா மூஞ்சி சார்!"

அடுத்த நிறுத்தம், ஊர் சுற்ற வருகிறவர்கள் மொய்க்கும், பாறையைக் குடைந்து கட்டிய வீடு. வண்டி நின்றதும் பாலைவனக் காற்று தன் வேலையைக் காட்டியது. தார்ப்பாய் பறந்தது. பச்சை வாலைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

"என்னப்பா இது?" என்றார் வெர்லன்.

"உங்களுக்குத்தான் சார். சஸ்பென்ஸா வச்சிருந்தேன். நிஜ டைனோசர் வால்!"

"பச்சையா இருக்கே?"

"பாசி சார். பதினஞ்சு கோடி வருஷத்துப் பாசி."

வெர்லன் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "பாத்துக்கோங்க! என் மாப்பிள்ளை தந்தது!"

மாப்பிள்ளை! கோல்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதை டார்லா கையாலயே ஹால்ல மாட்டச் சொல்லப் போறேன். தினம் ராத்திரி இதுக்குக் கீழதான் நமக்குச் சாப்பாடு!"

கோல்பி வாலைப் பார்த்தான். டார்லா ஆசையாக வாலைத் துடைப்பது போலவும், பெயின்ட் உரிந்து துணியில் ஒட்டுவது போலவும் கண்முன்னே தெரிந்தது.

"சார்... வண்டியைத் திருப்புங்க."

"ஏன்?"

"நிஜ வாலும் இல்ல, பாசியும் இல்ல. பெர்த்தா வாலை நான்தான் உடைச்சேன். திருப்பிக் கொடுத்துடணும். அப்புறம் உங்க இஷ்டம்."

வெர்லனின் சிரிப்பு சட்டென்று அணைந்தது. வண்டியைத் திருப்பினார். போச்சு, டார்லா போச்சு!

கோல்பி வாலைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு டிக்கெட் ஜன்னல் முன் நின்றான். வெர்லன் அவனுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அம்மா, இதை நான்தான் உடைச்சேன். மன்னிச்சுக்கோங்க. நானே சரிபண்ணித் தர்றேன்."

ஓப்பல் அம்மாள் கண்ணாடியை இறக்கி, அவனைத் தாண்டி வெர்லனைப் பார்த்தாள்.

"முன்னாடி நீ கூட்டிட்டு வந்த ரெண்டு பயலும் திரும்பிக்கூடப் பாக்கல, இவன் கொண்டாந்துட்டானே! நேத்து நீ கழட்டித் தந்த வால் போல்ட்டை மாட்டிடவா வெர்லன், இல்ல உன் சின்னப் பொண்ணுக்கும் ஒருத்தன் கிடைக்கட்டும்னு விட்டு வைக்கவா?"