கேட்டதற்கு மட்டும் பதில்

"அந்த எண்ணை மறுபடி சொல்லுங்க," என்றார் குவெரி.

துணை தேடித் தரும் அந்த இணையதளத்தின் அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தளத்தின் பின்னால் இருக்கும் தகவல் கிடங்கிடம் எஸ்கியூஎல் என்ற கணினி மொழியில் 'குவெரி', அதாவது கேள்வி, கேட்பது அவர் வேலை. "கேட்டதை மட்டும் கொடுக்கும், கேட்காததைப் பத்தி மூச்சு விடாது. மனுஷங்களும் அப்படி இருந்தா எவ்வளவு நிம்மதி," என்பார். வீட்டில் அவர் அப்படித்தான் இருந்தார். அவருக்கு மனைவி அமைந்ததும் இதே தளத்தில்தான்.

"உறுப்பினர் எண் மூவாயிரத்து இருநூத்தி ஏழு சார்," என்றாள் வரவேற்பறைப் பெண். "ஒரு அம்மா போன்ல கேட்டாங்க. 'மணமானவர்'னு இருக்கறதை 'துணை தேடுபவர்'னு மாத்தணுமாம். சார், அவங்க வந்து..."

"எண் போதும். கதை வேண்டாம்."

கட்டளையை இரண்டு வரியாக எழுதினார். முதல் வரி, என்ன மாற்ற வேண்டும் என்பது. இரண்டாவது, யாருக்கு என்பது. மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவது வரி விட்டுப்போனது. அதைக் கவனிக்காமல் ஓடவிட்டார்.

'அறுபதாயிரம் பேர் விவரம் மாற்றப்பட்டது' என்றது திரை.

யாருக்கு என்று சொல்லாததால் கட்டளை எல்லோர் மீதும் பாய்ந்திருந்தது. நிலை மாறிய அத்தனை பேருக்கும் 'புதிய துணையைத் தேடத் தொடங்கிவிட்டீர்கள், வாழ்த்துகள்' என்று தளம் தானாகவே மின்னஞ்சல் அனுப்பிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் அவரேதான்.

தொலைபேசிகள் அலற ஆரம்பித்தன.

"சார், ஒருத்தர் தேனிலவுல இருக்காராம். வாழ்த்தை அவர் பொண்டாட்டிதான் முதல்ல படிச்சாங்களாம்."

குவெரி பதறிப்போய் எல்லோரையும் 'மணமானவர்' ஆக்கினார். அதற்கும் ஒரு வாழ்த்து போனது.

"சார், ஒரு அம்மா அழறாங்க. பொண்ணு சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டாளாம். மாப்பிள்ளை யாருன்னு நம்மகிட்ட கேக்கறாங்க."

நியாயமான கேள்விதான். புதிதாக மணமானவர்களுக்கு இணை யார் என்ற இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தைத் தாங்க முடியாமல் தளமே படுத்துவிட்டது. எழுப்பினால் போதும் என்று, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைக் காலியிடம் எல்லாவற்றிலும் போட்டார். அது அவருடைய சொந்த உறுப்பினர் எண்.

தளம் எழுந்தது. சற்று நேரத்தில் முதலாளியும் எழுந்து வந்தார். பாவம், சொந்தத் தளத்திலேயே நெடுநாளாகத் துணை தேடிக்கொண்டிருக்கும் மனிதர்.

"யோவ், உனக்கும் எனக்கும் எப்பய்யா கல்யாணம் ஆச்சு?"

குவெரி நடந்ததைச் சொன்னார்.

"சாயந்திரத்துக்குள்ள எல்லாம் சரியாகணும். இல்லேன்னா நாளைக்கு வராதே."

வேலை ஒரு பக்கம் ஊசலாட, வீட்டு நினைப்பு வந்து இன்னும் பயமாக இருந்தது. மனைவிக்கும் மின்னஞ்சல் போயிருக்குமே. போன் போட்டார்.

"மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு." அவள் குரல் தயங்கியது. "உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"எல்லாம் என் தப்புதான். முழுக்க என் தப்பு."

"இதை இப்பத்தான் முதல் தடவையா சொல்றீங்க," என்றாள்.

"இன்னிக்கே எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடறேன்."

"பழையபடியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். புரிந்துகொண்டாள் என்று குவெரிக்கு நிம்மதி.

முந்தைய நாள் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு மாலைக்குள் எல்லாவற்றையும் மீட்டார். தேனிலவுக்காரர் மணமானவரானார். முதலாளி மறுபடி பிரம்மச்சாரியானார். வேலை பிழைத்தது.

வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், காலைல பேசுன அந்த அம்மா திரும்பவும் கூப்பிட்டாங்க. அவங்களுக்கு மறுபடி 'மணமானவர்'னே வருதாம்."

அடடா, ஆரம்பித்த வேலை அப்படியே கிடக்கிறதே. இந்தத் தடவை 'யாருக்கு' என்பதை முதலில் எழுதினார். இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஓடவிட்டார்.

'ஒருவர் விவரம் மாற்றப்பட்டது.'

ஒரே ஒருவர். குவெரி நாற்காலியில் சாய்ந்து, அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில், வழக்கத்துக்கு மாறாக ஒன்றைக் கேட்டும் வைத்தார்.

"ஆமா, யாரு அந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான் சார். காலைலயே சொல்ல வந்தேன், நீங்கதான் எண் போதும்னுட்டீங்க."