அடிச்சேறும் சராசரி சாரும்

மனிதர்களில் ‘அளவுக்குள்ளதான் இருக்கு’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தலையில் தீப்பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவனையும் நாற்காலியில் உட்காரவைத்து, “மொத்த உடம்புக்கும் கணக்குப் போட்டா சூடு கம்மிதான்” என்று ஆறுதல் சொல்கிற இனம்.

அந்த இனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், விரிகுடாவின் அடிச்சேற்றைச் சோதிக்கும் ஆய்வகத்தின் தலைவர். அலுவலகம் வைத்த பெயர் சராசரி சார்.

எட்டு வருடமாகச் சேறு அள்ளிச் சோதிக்கும் பரிசோதகி ஒருநாள் பதற்றத்தோடு அவர் அறைக்குள் வந்தாள்.

“சார், சாயத் தொழிற்சாலைக் குழாய் கொட்டுற இடத்துச் சேத்துல இருபது இறால் குஞ்சு விட்டேன். ரெண்டே நாள்ல பதினேழு செத்துப்போச்சு.”

“மூணு உயிரோட இருக்குல்ல? அத எழுதும்மா.”

“ஈயம் அனுமதிச்ச அளவைவிட ஆறு மடங்கு இருக்கு சார்!”

“அங்க இருக்கு. மத்த ஒம்பது இடம் சுத்தமா இருக்கே! எல்லாத்தையும் கூட்டிப் பத்தால வகு.”

வகுத்தாள். விஷம் காணாமல் போயிற்று. கடலுக்கே செய்யத் தெரியாத வேலையை ஒரு கால்குலேட்டர் செய்துவிட்டது! சார் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம், சிப்பி பொறுக்கும் பெண்மணி ஒருத்தி வந்து, தோல் உரிந்த இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். சார் கைகளைப் பார்க்கவில்லை, அறிக்கையைப் பார்த்தார்.

“சராசரியா பாத்தா, விரிகுடா நல்லாத்தாம்மா இருக்கு.”

“நான் சராசரியில நிக்கலீங்க ஐயா. குழாய் வாயில நிக்கிறேன்.”

சார் சிரித்து மழுப்பினார். அவள் சிரிக்கவில்லை. ஒரு பை சிப்பியை மேசையில் வைத்தாள். “அங்க பொறுக்குனதுதான். நல்லா இருக்குன்னா வீட்டுக்குக் கொண்டுபோங்க.”

பரிசோதகி பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சார் பையைத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் எறிந்திருக்கலாம், தெருவெல்லாம் தெரிந்த முகங்கள். வீட்டில் அவர் குளித்து வருவதற்குள் மனைவி சிப்பியை வேகவைத்து, ஒன்றை வாயருகே கொண்டுபோயிருந்தாள். தட்டிவிட்டார். சிப்பி சுவரில் பட்டுச் சிதறியது.

“என்னங்க, கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“விஷம்டி அது!”

“நல்லா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

அதற்கு வகுத்தல் இல்லை.

மறுநாள் திருந்தினாரா? அவசரப்படாதீர்கள். ‘ஆய்வக ஊழியர்கள் கட்டாயம் கையுறை அணிய வேண்டும்’ என்று சுற்றறிக்கை விட்டார். அவ்வளவுதான்.

பரிசோதகி அதைப் படித்தாள். கூட்டாத, வகுக்காத பத்து இடத்து அளவுகளையும் பெரிய எழுத்தில் எழுதிச் சிப்பிச் சந்தையின் வாசலில் ஒட்டினாள். மூன்று நாள் கூச்சலுக்குப்பின் குழாயை அடைத்தார்கள். பரிசோதகிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சாருக்குப் பதவி உயர்வு வந்தது, இதைவிடப் பெரிய விரிகுடாவுக்கு.

நீங்கள் ஏன் நெளிகிறீர்கள்? உங்களைச் சொல்லவில்லை. போன வாரம் அடுத்த வீட்டுக்காரர், உங்கள் சாக்கடை அவர் வாசலில் தேங்குகிறது என்று முறையிட வந்தபோது, “எல்லா வீட்லயும் இருக்கிறதுதானே” என்று கதவைச் சாத்தினீர்களே, அதை யாரிடமும் சொல்லமாட்டேன்.